அப்பா பாஸ்புக்கில் ஒரு வரி

போன மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை அப்பா பாஸ்புக் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்தார். வழக்கமாக வந்ததும் அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு டீ கேட்பார். அன்றைக்கு டீ கேட்கவில்லை. பாஸ்புக்கைப் பிரித்து என் முன்னால் நீட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இது யாரும்மா? 1,416 ரூபா. என் பென்ஷன்ல எவனோ கை வெச்சிருக்கான்."

நானும் படித்தேன். முதலில் நாலு ஆங்கில எழுத்து, ஒரு நட்சத்திரக் குறி, அப்புறம் பாதியில் வெட்டுப்பட்ட ஒரு பெயர், கடைசியில் ஏதோ ஒரு வெளிநாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. அவ்வளவுதான். அப்பா 35 வருஷம் ஹார்பரில் வேலை பார்த்தவர். பெட்டி மேல் இருக்கிற எழுத்தையும் எண்ணையும் பார்த்தே யாருடையது, எங்கே போக வேண்டியது என்று சொல்லிவிடுவார். அவருக்கே இந்த வரி பிடிபடவில்லை.

அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. விடிந்ததும் ராயபுரம் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கலாம் என்றார். கார்டை உடனே பிளாக் பண்ணச் சொன்னார். பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல எண்ணத்தில்தான், "அந்தப் பேரை இன்டர்நெட்டில போட்டா கஸ்டமர் கேர் நம்பர் வரும், கூப்பிட்டுக் கேளுங்க" என்றார். வேண்டவே வேண்டாம் என்று தடுத்தேன். போலி கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் போட்டுவைத்துக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், திரையைப் பகிரச் சொல்வார்கள். போனது 1,416. அந்த நம்பரைக் கூப்பிட்டால் மீதியும் போகும்.

நான் எம்.சி. ரோட்டில் நாலைந்து ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதனால் பெயர் புரியாவிட்டாலும் அந்தத் தொகை எனக்கு ஏதோ சொன்னது. 1,200க்கு 18 சதவீதம் 216. இரண்டையும் கூட்டினால் 1,416. வெளிநாட்டில் இருந்துகொண்டு இணையம் வழியாக மென்பொருள் விற்கிறவர்களும் இங்கே இருக்கிற தனி ஆளுக்கு விற்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட வேண்டும். திருடினவன் வரி சேர்த்து எடுக்க மாட்டான். இது யாரோ முறையாக பில் போட்டு எடுத்த பணம். அப்படியென்றால் வீட்டில் யாரோ எதற்கோ சரி என்று சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா பையனுக்கு போன் பண்ணினேன். காலேஜில் இரண்டாம் வருஷம். "தாத்தா கார்டை எதுக்காவது போட்டியாடா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு நிறைய பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருந்ததாம். 7 நாள் இலவசம் என்று ஒரு மென்பொருள். கார்டு நம்பர் கேட்டது, இரண்டு ரூபாய் எடுத்தது, தாத்தாவிடம் ஓடிபி வாங்கிப் போட்டான். "வேலை முடிஞ்சதும் டெலிட் பண்ணிட்டேனே சித்தி" என்றான்.

பையன் பொய் சொல்லவில்லை. நம்மில் பெரும்பாலானோர் நினைப்பது இதுதான்: போனிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ எடுத்துவிட்டால் முடிந்தது. முடியாது. மென்பொருள் வேறு, சந்தா வேறு. செயலியை நீக்கினாலும் சந்தா அவர்கள் கணக்கில் அப்படியே உயிரோடு இருக்கும். எட்டாம் நாள் ஒரு வருஷத்துப் பணத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள்.

சரி, பெயர் ஏன் பொருந்தவில்லை? பையன் வாங்கிய மென்பொருளின் பெயர் ஒன்று, பாஸ்புக்கில் இருந்தது வேறு ஒன்று. சின்ன மென்பொருள் கம்பெனிகள் பல நேரடியாகப் பணம் வாங்குவதில்லை. பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங் மாதிரி நிறுவனங்கள் நடுவில் இருக்கின்றன. கணக்குப்படி விற்பவர் அவர்கள்தான், வரி கட்டுவதும் அவர்கள்தான், ஆகவே பாஸ்புக் வரியில் முன்னால் வருவது அவர்கள் பெயர். (எங்கள் பாஸ்புக்கில் இருந்தது இவை இரண்டும் இல்லை.) இது முறையான தொழில், அதில் தப்பில்லை. ஆனால் கார்டு பரிவர்த்தனையில் பெயருக்கென்று ஒதுக்கிய இடம் இருபது எழுத்தைத் தாண்டி இரண்டு மூன்றுதான். நடுவில் இருப்பவர் பெயரே பாதியை எடுத்துக்கொண்டால், நாம் வாங்கிய பொருளின் பெயர் மீதி இடத்தில் நறுக்கப்பட்டுத்தான் வரும். எங்களுக்கு வழி காட்டியது பையனின் மெயில். 1,416 என்று தேடச் சொன்னேன். ரசீது உடனே வந்தது, அதில் மட்டும் மென்பொருளின் முழுப் பெயர் இருந்தது. புரியாத வரியைப் பார்த்தால் பெயரைத் துரத்தாதீர்கள். தொகையையும் தேதியையும் வைத்து வீட்டில் இருக்கிற எல்லோருடைய மெயிலிலும் தேடுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம்.

ரிசர்வ் வங்கி இதற்கு நல்ல விதி வைத்திருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக அமலில் இருக்கிறது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க வேண்டுமென்றால் முதல் தடவை ஓடிபி வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும். யார், எவ்வளவு, எந்தத் தேதி என்று அதில் இருக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமலே போகலாம் என்று 2022 ஜூனில் வரம்பையும் உயர்த்தினார்கள்.

அப்பா போனை வாங்கி மேலே தள்ளிக்கொண்டே போனேன். லோன் வேண்டுமா, ரம்மி ஆடுங்க, பிளாட் வாங்குங்க, ரீசார்ஜ் முடிகிறது. நடுவில் அந்த எஸ்எம்எஸ் இருந்தது. பணம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்திருக்கிறது. விதிப்படி எல்லாம் இருந்தது. முழுக்க ஆங்கிலம். அதே நறுக்கிய பெயர். "இது வந்துச்சும்மா, ஏதோ விளம்பரம்னு விட்டுட்டேன்" என்றார் அப்பா. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சென்னையில் பிறந்து வளர்ந்து, சென்னையில் இருக்கிற கிளையில் கணக்கு வைத்திருக்கிற 68 வயது மனிதருக்கு, அவர் பணம் போகப்போகிறது என்ற செய்தியைத் தமிழில் அனுப்பினால் என்ன? வங்கிகள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். படிக்க முடியாத மொழியில், யாரென்று தெரியாத பெயரில் வந்தால் அதை எப்படி முன்தகவல் என்று சொல்வது?

அம்மா இட்லிக் கடை போட்டிருந்தபோது தண்டல் வாங்குவார். கையில் 8,500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூல். வட்டி அநியாயம்தான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் சாயங்காலம் அந்த ஆள் வாசலில் வந்து நிற்பார். அம்மா தன் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் பணம் போகும். அட்டையில் கட்டம் போட்டுக் கையெழுத்து வைப்பார். எத்தனை நாள் பாக்கி என்று அம்மாவுக்கு எப்போதும் தெரியும். ஆவின் கார்டும் அப்படித்தான். அடுத்த மாதம் பால் வேண்டுமென்றால் நாம் போய்ப் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், கட்டாவிட்டால் நின்றுவிடும். மென்பொருள் சந்தா இதைத் தலைகீழாக்கிவிட்டது. நாம் வாயைத் திறக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சேர ஒரு பட்டன், விலக எட்டுப் பக்கம். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளில் சந்தாப் பொறியும் ஒன்று. தடை இருக்கிறது. இலவசக் காலம் முடிந்ததும் மறுபடி நம்மிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றும் ஒரு விதி வர வேண்டும் என்பது என் கருத்து.

வேலைக்கு வருகிறேன். முதலில் பையனை உட்கார வைத்து மென்பொருள் கணக்கிலேயே சந்தாவை ரத்து செய்ய வைத்தேன். அப்புறம் அந்த எஸ்எம்எஸ்ஸில் இருந்த இணைப்பு வங்கியின் சொந்த முகவரிதானா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டு இ-மேண்டேட்டையும், அதாவது கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியையும், ரத்து செய்தோம். அதற்கும் ஓடிபி கேட்டது, கேட்பது நல்லதுதான். கார்டை பிளாக் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் புது கார்டு வரும்வரை பென்ஷன் எடுக்க அப்பா வங்கி வரிசையில் நிற்க வேண்டியிருந்திருக்கும், சந்தாவோ அங்கே ரத்தாகாமல் கிடந்திருக்கும். யுபிஐ வழியாகப் போகிற சந்தா என்றால், நீங்கள் பணம் அனுப்புகிற செயலியிலேயே ஆட்டோபே என்ற பகுதியில் எல்லாம் வரிசையாக இருக்கும். அங்கேயே நிறுத்தலாம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டும், எல்லா மெயிலையும் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அது வேறு கதை. அப்போது ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. வங்கிக்கு எழுத்தில் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள், கார்டை பிளாக் பண்ணுங்கள், சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு போன் போடுங்கள். தப்பு நம்முடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்ற நிலையில், தகவல் வந்து 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டப் பொறுப்பு இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. 30 நாளில் வங்கி சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு மென்பொருள் கம்பெனிக்குப் பையனையே எழுத வைத்தேன். வருஷச் சந்தாவுக்குத் திருப்பித் தருவதில்லை என்று முதல் பதில். பணம் எடுத்த பிறகு ஒரு நாள்கூட மென்பொருளைத் திறக்கவில்லை, கார்டு தாத்தாவுடையது, அவர் பென்ஷன் கணக்கு என்று இரண்டாவது முறை விவரமாக எழுதினான். மூன்று நாள் பதில் இல்லை.

நேற்று மத்தியானம் அப்பா போனைக் கையில் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கே வந்துவிட்டார். "அதே பேருதானே இது?" என்றார். அதே நாலு எழுத்து, அதே நட்சத்திரம், அதே பாதிப் பெயர். 1,416 வரவு. வந்துவிட்டது அப்பா என்றேன். பீரோவைத் திறந்து பாஸ்புக்கை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்ட்ரி போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.