வத்திக்கான் பணத்தில் எடுத்த படமா?

லியோன் புவாரியே இயக்கிய 1936ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் படமான ‘லாப்பெல் து சிலான்ஸ்’ பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது. மறைப்பணிக்கு, அதாவது கிறிஸ்தவ மதத்தைப் பரப்பும் பணிக்கு, ஆள் சேர்க்க வத்திக்கான் பணம் கொடுத்து எடுத்த படம் இது என்றும், கதைநாயகரான பிரெஞ்சுக் கத்தோலிக்கத் துறவி சார்லஸ் தெ ஃபூக்கோ சகாராவில் ஆயிரக்கணக்கானோரை மதம் மாற்றியவர் என்றும் அது சொல்கிறது. இரண்டும் தவறு.

பணம் பிரெஞ்சு மக்களுடையது. புவாரியே ஊர் ஊராகச் சென்று பேசிச் சந்தா திரட்டினார். கொடுத்தவர்கள் பெரும்பாலும் எளிய கத்தோலிக்கர்கள். அந்த உழைப்பை மறைப்பது அநியாயம்.

இரண்டாவது பொய் இன்னும் மோசமானது. ஃபூக்கோ மதம் மாற்றியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் அல்ஜீரியச் சகாராவிலுள்ள தமன்ராசெட்டில், அங்குள்ள துவாரெக் என்னும் பாலைவன மக்களிடையே வாழ்ந்து, அவர்கள் மொழிக்கு அகராதி தொகுத்தார்; அவர்களுடைய கவிதைகளைத் திரட்டினார். 1916 டிசம்பர் 1 அன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் தொடங்க விரும்பிய சபையில் துறவி என்று ஒருவர்கூட இல்லை. அவர் வழியைப் பின்பற்றிய ‘இயேசுவின் சிறிய சகோதரர்கள்’ சபை 1933இல்தான் தோன்றியது.

படத்தைக் குறைசொல்ல வேண்டுமானால், அதில் ஓங்கி ஒலிக்கும் பிரெஞ்சுக் காலனியாதிக்கப் பெருமிதத்தைச் சொல்லலாம். அது நியாயமான விமர்சனம். 2022 மே 15 அன்று நம் தேவசகாயம் பிள்ளையோடு சேர்த்தே ஃபூக்கோவும் புனிதராக அறிவிக்கப்பட்டார்.