எக்ஸ்எல்பிஈ கேபிளைத் தண்ணீர் ஒன்றும் செய்யாதா?

எக்ஸ்எல்பிஈ என்பது குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்; மின்கேபிளில் இன்சுலேஷனாக வரும். பல்லடம், சோமனூர் பக்கத்து மில் எலக்ட்ரீஷியன்களின் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது: “பழைய பேப்பர் கேபிளுக்குத்தான் ஈரம் ஆகாது. எக்ஸ்எல்பிஈ பிளாஸ்டிக், முனையைத் திறந்தே மழையில் போடலாம்.” தவறு.

பேப்பர் இன்சுலேஷனுக்கு ஈரம் ஆகாது என்பது சரிதான். அதற்காகத்தான் ஈய உறை போட்டார்கள். ஆனால் 1960, 70-களில் வந்த பாலிஎத்திலீன், எக்ஸ்எல்பிஈ கேபிள்கள் பலவும் ஆயுளுக்கு முன்பே போயின. காரணம் ‘வாட்டர் ட்ரீ’. ஈரமும் மின்புலமும் சேர்ந்தால், இன்சுலேஷனுக்குள் கிளைவிட்ட செடிபோல நுண்ணிய சேதம் வருடக்கணக்கில் வளரும். மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) வைத்தால் நல்ல ரீடிங்கே காட்டக்கூடும், அதுதான் வில்லங்கம்.

அப்புறம்தான் கேபிள் தயாரிப்பில், பிளாஸ்டிக்கை நீராவி இல்லாமல் சூடாக்கிப் பிணைக்கும் உலர் முறையும், இன்சுலேஷனையும் அதன் இருபுறக் கருப்பு அரைக்கடத்தி அடுக்குகளையும் ஒன்றாக வார்ப்பதும் பரவின. ட்ரீ குறைந்தது, ஒழியவில்லை. 22 கேவி கேபிளை வெட்டினால் அன்றே முனையில் ஹீட் ஷ்ரிங்க் மூடி (சூடாக்கினால் சுருங்கி இறுகுவது) போடுங்கள். வெறும் டேப் சுற்றினால் போதாது.