மூன்றாவது வாரம் அவள் வரவில்லை

லைஃப் டிராயிங் அமர்வுகளுக்கு, அதாவது எதிரே அசையாமல் நிற்கும் ஒருவரை (மாடல்) நேரில் பார்த்து வரையும் அமர்வுகளுக்கு, வர வசதியில்லாத இளம் ஓவியர்களுக்கு உதவித்தொகை கொடுப்பது பற்றி எங்கள் வரையும் குழுவில் சில வாரங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. யாருக்கு, எப்படி என்பதில்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. அங்கே அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏற்கெனவே அச்சடித்த தாள்களின் பின்பக்கத்தை அடுக்கிக் கிளிப் போட்டிருந்தாள். கையில் நகத்தளவுக்குத் தேய்ந்த சார்கோல், வரையும் கரித் துண்டு. இரண்டு நிமிட போஸ்கள் தொடங்கின. எல்லாத் தாளிலும் தலையில் ஆரம்பித்தாள், எல்லாத் தாளிலும் முழங்காலோடு இடம் முடிந்துவிட்டது. இடைவேளையில் என் தாளை எட்டிப் பார்த்து, "கால் எப்படிக்கா உள்ளே வருது?" என்று கேட்டாள். மாடல் எந்தக் காலில் எடையை ஊன்றியிருக்கிறார் என்று முதலில் பார், கழுத்துக்குழியிலிருந்து அந்தக் கணுக்கால் வரைக்கும் ஒரு கோடு போட்டுவிட்டு மற்றதைத் தொடங்கு என்றேன்.

அடுத்த வாரம் அந்தக் கோட்டைத்தான் முதலில் போட்டாள். ஊன்றிய காலின் பக்கம் இடுப்பு ஏறியிருந்தது, அதே பக்கத் தோள் இறங்கியிருந்தது, பாதம் தாளுக்குள் தரையில் நின்றது. ஒரே வாரத்தில்! அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

பல மாதம் கழித்து எதேச்சையாகச் சந்தித்தபோது கேட்டேன். "கட்டணம் மட்டும்னா எப்படியாவது சமாளிச்சிருப்பேன்க்கா. போக வர காசு, தாள், அப்புறம் அன்னைக்கு சாயங்கால வேலையை விட்டுட்டு வரணும்" என்றாள்.

இந்தப் பதில்தான் என் மொத்த வாதமும். எங்கள் குழுவில் உதவித்தொகை என்றதும் எல்லாரும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது பற்றியே பேசினார்கள். ஆனால் ஓர் அமர்வின் கணக்கைப் பாருங்கள். மாடலுக்குச் சம்பளம், இடத்துக்கு வாடகை. எட்டுப் பேர் வந்தாலும் பன்னிரண்டு பேர் வந்தாலும் இரண்டும் மாறாது. காலியாகக் கிடக்கும் நாற்காலிக்கான செலவை நாம் ஏற்கெனவே செய்தாகிவிட்டது. அதில் ஒருவரை இலவசமாக உட்காரவைப்பதால் குழுவுக்குப் புதிதாக எந்தச் செலவும் வராது. அதனால் திரட்டும் பணத்தைக் கட்டணத்தில் கழிக்காமல் தாளுக்கும் சார்கோலுக்கும் பயணத்துக்கும் முடிந்தால் இழக்கும் வேலை நேரத்துக்கும் கொடுக்க வேண்டும். அதுவும் முன்கூட்டியே. ரசீதைக் காட்டினால் பிறகு தருகிறோம் என்பது, முதலில் போட்டுச் செலவழிக்கக் கையில் காசு இருப்பவருக்குத்தான் உதவும். இன்னொன்று, செலவைக் குறைக்க மாடலின் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. 20 நிமிடம் அசையாமல் நிற்பது கடினமான உடல் உழைப்பு.

மாடலைப் பார்த்து வரையும் அறைக்குள் யார் வரலாம் என்பது எப்போதுமே வேறு யாரோ முடிவு செய்ததாகத்தான் இருந்திருக்கிறது. லண்டனில் ராயல் அகாடமி என்ற கலைக் கழகம் 1768-இல் தொடங்கியபோது நிறுவிய உறுப்பினர்களில் ஆங்கெலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆனால் லைஃப் டிராயிங் அறையில் உறுப்பினர்கள் கூடியிருப்பதை யோஹான் ஸோஃபனி வரைந்த ஓவியத்தில் ஆண்கள் மாடலைச் சுற்றிக் கூடியிருக்க, இவர்கள் இருவரும் சுவரில் மாட்டிய உருவப்படங்களாக மட்டும் இருக்கிறார்கள். அந்த அகாடமியின் மாணவிகள் ஆண் மாடலைப் பார்த்து வரைய 1893 ஆயிற்று, அதுவும் இடுப்பில் துணி சுற்றிய மாடல். பாரிஸில் அரசின் கலைப் பள்ளியான எகோல் தே போஸார் பெண்களை மாணவர்களாகச் சேர்த்தது 1897-இல். அதற்கு முன்பே பெண்களுக்குக் கதவு திறந்த தனியார் பள்ளியான அகாதெமி ஜூலியன் ஆண்களைவிட இரு மடங்கு கட்டணம் வாங்கியது.

அதே பாரிஸில்தான் பின்னாளில் ஓவியரான சூசன் வாலதோன் வளர்ந்தார். 1865-இல் பிறந்தவர், துணி துவைத்துப் பிழைத்த தாயின் மகள். ஓவியப் பள்ளிக்குப் பணம் கட்ட வழியில்லை. பதின்வயதிலேயே மாடலாக நிற்கப் போனார். ரெனுவார், துலூஸ் லோத்ரெக் போன்ற புகழ்பெற்ற ஓவியர்கள் அவரை வரைந்தார்கள். நின்றபடியே அவர்கள் கை போகும் போக்கைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பின்னால் ஓவியர் தெகா அவருடைய வரைபடங்களை விலைகொடுத்து வாங்கினார். திறமை இருந்தால் வழி தானாகக் கிடைக்கும் என்பதற்கு எங்கள் குழுவில் ஒருவர் இவரைத்தான் உதாரணம் காட்டினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அறைக்குள் அவரால் மாடலாகத்தான் நுழைய முடிந்தது. பென்சிலோடு உட்கார ஓர் இடம் பதினைந்து வயதிலேயே கிடைத்திருந்தால் எத்தனை ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்! அதே அறைகளில் நின்றுவிட்டு வீடு திரும்பிய மற்ற பெண்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

சரி, யாருக்குக் கொடுப்பது? பத்துச் சிறந்த படைப்புகளை அனுப்பச் சொல்லி அதிலிருந்து தேர்ந்தெடுக்கலாம் என்பது ஒரு யோசனை. இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்தப் பத்துப் படங்களை உருவாக்குவதே இந்த அமர்வுகள்தான். பயிற்சி கிடைத்தவரின் தாள் பயிற்சி கிடைத்ததைக் காட்டும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் முதல் நாள் தாள்களை நடுவர்கள் முன்னால் வைத்தால் முழங்காலோடு வெட்டுப்பட்ட உருவங்களைத்தான் பார்த்திருப்பார்கள். அடுத்த வாரம் நடக்கப்போவது அதில் தெரியாது. வர விருப்பமா, எது தடுக்கிறது என்ற இரண்டே கேள்வி போதும்.

கொடுப்பதைத் தொடர்ச்சியாகக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் இலவச அனுமதியால் பெரிய பயனில்லை. முதல் ஓரிரு அமர்வுகள் கூச்சத்திலும் அளவு பிடிப்பதிலும் போய்விடும். நீண்ட போஸில் மாடலின் ஊன்றிய கால் லேசாக நடுங்கத் தொடங்குவதும், தோள் அரை விரல் கீழே இறங்குவதும், அதோடு முதுகின் வளைவே மாறிவிடுவதும் பல வாரம் உட்கார்ந்த பிறகுதான் கண்ணில் படும். புகைப்படத்தைப் பார்த்து வரையலாமே என்கிறார்கள். நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் வரைந்தேன். புகைப்படத்தில் எடை நகராது. பன்னிரண்டு வாரமாவது ஒரே ஆளுக்கு இடம் உறுதியாக இருக்க வேண்டும். யார் உதவித்தொகையில் வருகிறார்கள் என்பது கணக்கு பார்ப்பவரைத் தவிர மற்றவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்படுகிறார்கள். பணம் கட்டி வருகிறவர்களும் நிற்கத்தான் செய்கிறார்கள், அதற்காக யாரும் அவர்களை விசாரிப்பதில்லை.

அடுத்த பருவத்துக்கு இரண்டு இடங்கள் ஒதுக்கலாம் என்று குழு இறங்கிவந்திருக்கிறது. ஓர் இடத்துக்கான தாள், பயணச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அமர்வு எந்தக் கிழமை என்று முடிவாவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும், அவளுக்கு எந்தச் சாயங்காலம் வேலை இல்லை என்று கேட்க.