தனித்தனியே பாஸ் ஆனால் போதுமா?

"மூன்று மென்பொருளும் சோதனையில் தனித்தனியே பாஸ் ஆகிவிட்டனவே, இன்னும் எதற்கு உங்களுக்கு ஒரு மாதம்?" என்ற கேள்வியைக் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டு என் பொறுமை போய்விட்டது. மண்டபத்தில் நண்டும் கணவாயும் வாங்கி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்திற்காக, எடை மென்பொருளையும் கணக்கு மென்பொருளையும் வங்கிச் சேவையையும் இணைக்கும் திட்டத்தில் நான் டெஸ்டர், அதாவது மென்பொருளைச் சோதித்துப் பிழை தேடுபவர். ரயிலைத் தனியே ஓட்டிப் பார்த்து, கப்பலையும் தனியே ஓட்டிப் பார்த்துவிட்டு, பாம்பன் தூக்குப்பாலம் சரியாக இருக்கிறது என்று யாராவது கையெழுத்துப் போடுவார்களா?

சாதாரணச் செயலியில் பொத்தானை அழுத்தினால், வந்தது சரியா தவறா என்பது பெரும்பாலும் திரையிலேயே தெரிந்துவிடும். இணைப்பில் பார்ப்பதற்குத் திரையே இருக்காது. என்ன நடந்தது என்று மென்பொருள் தானே பதிந்துவைக்கும் லாக் கோப்புகளைத்தான் தோண்ட வேண்டும். பிழை வந்தால் இரு தரப்பும் "எங்கள் பக்கம் சரி" என்கிறார்கள். கொடுமை என்னவென்றால், பல நேரங்களில் இருவர் சொல்வதும் உண்மை. 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் அழிந்ததே, ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்த எண்ணை மற்றொன்று நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டதால்தான்.

எங்கள் கதையைக் கேளுங்கள். ஒரு மீனவருக்கு 8,400 ரூபாய் அனுப்பச் சொல்லிக் கோரிக்கை போகிறது, வங்கியும் அனுப்பிவிடுகிறது, ஆனால் பதில் திரும்புவதற்குள் நெட் விட்டுப்போகிறது. 30 விநாடி காத்திருந்த கணக்கு மென்பொருள் 'தோல்வி' என்று குறித்துக்கொண்டு மறுபடியும் அனுப்ப, பணம் இரண்டு தடவை போய்விடுகிறது. கோரிக்கைக்கு மாறாத அடையாள எண் ஒன்று இருந்து, அதே எண் மீண்டும் வந்தால் வங்கிப் பக்கம் இரண்டாவது முறை பணம் அனுப்பாமல் இருக்கிறதா என்பதை, இணைப்பைப் பாதியில் துண்டித்துத்தான் சோதிக்க முடியும். வங்கிக்குப் பதிலாக, சோதனைக்கென்று எங்களுக்குக் கொடுக்கப்பட்ட போலி சர்வரோ, எதைக் கேட்டாலும் 'வெற்றி' என்ற ஒரே பதிலைத்தான் தருகிறது!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நின்று வரத்துக் குறைந்திருந்த அந்த நாட்களில், இந்தப் போலிக்குப் பதிலாக, சோதனைக்கென்றே வங்கி வைத்திருக்கும் டெஸ்ட் சர்வரை வாங்கித் தாருங்கள் என்று மன்றாடினேன். செலவு என்று தள்ளிவிட்டார்கள். படகுகள் கடலுக்குப் போன பிறகு, உழைத்தவர்களின் காசை வைத்தே சோதனை நடக்கிறது. கூடுதலாகப் போன தொகையை அடுத்த பிடிப்பில் கழித்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்; அதைக் கடன் என்று எழுதப்போவது அந்த மீனவரின் பெயரில்.