பாப்பம்மாள் பாட்டிக்கு விருது உயிரோடு இருக்கும்போதே வந்தது

கோவை மாவட்டம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த இயற்கை விவசாயி பாப்பம்மாள் அவர்களுக்கு இறந்த பிறகுதான் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது என்று ஒருவர் பதிவு எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்ந்திருக்கிறார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் தகவல் சரியல்ல. விருது அறிவிக்கப்பட்டது 2021 ஜனவரியில். அடுத்த மாதமே கோவைக்கு வந்த பிரதமர் அவரைச் சந்தித்தார். பாட்டி காலமானது 2024 செப்டம்பர் 27 அன்று. இடையில் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன.

சரிபார்ப்பது எளிது. மத்திய அரசின் பத்ம விருதுகள் இணையதளத்தில் 2021ஆம் ஆண்டுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். மறைவுக்குப் பின் விருது பெற்றவர்களின் பெயருக்கு அருகில் அது தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதே பட்டியலில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் பெயரோடு அந்தக் குறிப்பு உண்டு. பாப்பம்மாள் பெயருக்கு எதிரே வேளாண்மை, தமிழ்நாடு என்று இருக்கும். அந்தக் குறிப்பு இருக்காது. பிறகு 2024 செப்டம்பர் இறுதி நாளிதழ்களில் வந்த மறைவுச் செய்தியைப் பாருங்கள். பத்மஸ்ரீ பாப்பம்மாள் என்றே எழுதியிருப்பார்கள்.

நூறு வயதைக் கடந்தும் வயலில் இறங்கி வேலை செய்தவர் அவர். ஊர் தன்னைக் கொண்டாடியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். முடிந்தால் அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள்.