ஃப்ரீசரில் வைத்தால் ஷூ நாற்றம் போகுமா?

ஷூவை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் கிருமிகள் செத்து, கால் நாற்றம் அடியோடு போய்விடும் என்று ஒரு குறிப்பு பரவுகிறது. அப்படி இல்லைங்க. வியர்வையிலுள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்தை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது உண்டாகும் ஐசோவலேரிக் அமிலம்தான் அந்தப் புளித்த வாடைக்கு முக்கியக் காரணம். உறைகுளிரில் அந்த பாக்டீரியாக்களில் கொஞ்சம் சாகலாம். நிறையவே பிழைத்துக் கிடக்கும். ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியாக்களை உயிரோடு பாதுகாப்பதே மைனஸ் 80 டிகிரியில்தானே! வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 சொச்சம்தான்.

சந்தேகமா? ஒரு ஷூவை மட்டும் உள்ளே வையுங்கள் (பையில் சுற்றித்தான், பக்கத்தில் சாப்பாடு இருக்குமே). எடுத்தவுடன் வாடை அவ்வளவாகத் தெரியாது, குளிரில் அது ஆவியாவது குறைவு. சூடு திரும்பியதும், கால்விரல் படும் இடத்தில் இரண்டு ஷூவையும் மோந்து பாருங்கள்.