பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நட்சத்திரம் வேண்டாமாம்

2025 ஏப்ரல் கடைசியில் இங்கே வர்ஜீனியாவில் ஒரு டி.எம்.வி. அலுவலகத்தில் (நம்மூர் ஆர்.டி.ஓ. மாதிரி) இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டிரைவிங் லைசென்ஸை ரியல் ஐடியாக மாற்ற வேண்டும். மடியில் ஃபைல். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, கரண்ட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ் வேறு, அப்பா பழக்கிய பழக்கம். கவுன்டரில் இருந்த பெண் ஜெராக்ஸை மட்டும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ரியல் ஐடி தனி அட்டை எல்லாம் இல்லை. மாநிலம் கொடுக்கும் அதே லைசென்ஸ்தான், மத்திய அரசு கேட்கிற ஆவணங்களைக் காட்டியாயிற்று என்பதற்கு மேலே ஒரு நட்சத்திரம் கூடுதலாக இருக்கும். 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானம் ஏற அந்த நட்சத்திரம் வேண்டும், அல்லது பாஸ்போர்ட் போன்ற வேறொன்றைக் காட்ட வேண்டும். இதற்கான சட்டம் வந்தது 2005 மே மாதம். மூன்று வருஷத்தில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டியது, தள்ளித் தள்ளி இருபது வருஷம் ஆனது. சட்டம் நிறைவேறிய விதமும் வேடிக்கை. இராக், ஆப்கானிஸ்தான் போர்ச் செலவோடும் சுனாமி நிவாரண நிதியோடும் சேர்த்துக் கட்டிய ஒரே மசோதா மூட்டையில் இதையும் செருகிவிட்டார்கள். ஆமாம், நம் நாகப்பட்டினத்தைச் சுருட்டிய அதே சுனாமிதான். அந்த மூட்டையை எதிர்த்து யார் ஓட்டுப் போடுவார்? செனட்டில் 100-0. ஆனால் 2007இல் மெய்ன் மாநிலம் முதல் ஆளாக ‘எங்களால் முடியாது’ என்று தீர்மானம் போட்டது. பின்னாலேயே வேறு பல மாநிலங்களும் முறுக்கிக்கொண்டன.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரும் அந்த ரகம். கடற்படையில் இருந்தவர், எழுபது தாண்டியாயிற்று. தினமும் காலையில் வாசலில் கொடி ஏற்றுவார், சூரியன் சாய்ந்ததும் இறக்கி முக்கோணமாக மடித்து உள்ளே கொண்டுபோவார். ஒரு நாள் தவறியதில்லை. ஆனால் லைசென்ஸில் அந்த நட்சத்திரம் மட்டும் வேண்டாமாம். “வாஷிங்டனுக்கு என்னைப் பற்றித் தெரிந்தது போதும்” என்றார். பேரன் வீட்டுக்கு டென்வர் போக பாஸ்போர்ட் வைத்திருக்கிறார். அதைக் கொடுத்ததும் வாஷிங்டன்தானே என்று நான் கேட்கவில்லை. அக்கம்பக்கம் சுமுகமாக இருக்க வேண்டாமா.

அன்று இரவு அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன்.

“அங்க ஆதார் மாதிரி ஒண்ணும் கிடையாதாடா?”

“கிடையாதுப்பா.”

“கொடியை அப்படிக் கும்பிடுற மனுஷன் சர்க்காரை ஏன் நம்ப மாட்டேங்கிறார்?”

நல்ல கேள்வி. நமக்கும் சர்க்கார் மேல் அப்படி ஒன்றும் நம்பிக்கை வழிந்துவிடவில்லை. ஆனால் அதன் முத்திரையை நம்புவோம். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், கெஜட்டட் ஆபீசரின் பச்சை மை கையெழுத்து என்று அரசு கொடுத்த தாள் இல்லாவிட்டால் நம் இருப்பே நமக்குச் சந்தேகம். இவர்களுக்கு நாடு வேறு, சர்க்கார் வேறு. நாடு சாமி மாதிரி. சர்க்கார், உண்டியல் பக்கத்தில் நிற்கிற ஆள் மாதிரி. ஒரு கண் வைத்திருக்க வேண்டும். குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிற கேள்விகளிலேயே இது இருக்கிறது: அரசுக்கு மூன்று அங்கங்கள் ஏன்? எந்த ஒன்றும் அளவுக்கு மீறி அதிகாரம் பெறாமல் இருக்கத்தான். அரசைச் சந்தேகப்படுவது எப்படி என்று அரசே சொல்லிக் கொடுத்துக் குடிமகனாக்குகிறது. சத்தியமாக எனக்கு இது பிடிக்கும்.

சந்தேகத்துக்குக் காரணமும் நிறைய. 1964இல் 77 சதவீதம் பேர் மத்திய அரசு பெரும்பாலும் சரியானதைச் செய்யும் என்று நம்பினார்கள். அப்புறம் வியட்நாம் போர், அதிபர் நிக்சனைக் கவிழ்த்த வாட்டர்கேட் ஊழல். 2007க்குப் பிறகு அந்த எண் 30ஐத் தாண்டியதே இல்லை என்கிறது பியூ ஆய்வு மையம். சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கதையே போதும். 1936இல் ஓய்வூதியக் கணக்குக்காக மட்டும் என்று தபால் நிலையங்கள் வழியாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1946 முதல் சுமார் கால் நூற்றாண்டு ‘அடையாளத்துக்கு அல்ல’ என்று அட்டையிலேயே அச்சடித்தார்கள். இன்று அந்த எண் இல்லாமல் வேலை, கடன், வாடகை வீடு எதுவும் சுலபத்தில் நகராது. 1938இல் ஒரு பர்ஸ் கம்பெனி, ‘அட்டை இங்கே பொருந்தும்’ என்று காட்டுவதற்காகத் தன் அலுவலகச் செயலாளரின் நிஜ எண்ணையே மாதிரி அட்டையில் அச்சடித்து ஒவ்வொரு பர்ஸிலும் செருகி விற்றது. வாங்கியவர்களில் பலர் அதுதான் தங்கள் எண் என்று எடுத்துக்கொண்டார்கள். காலப்போக்கில் 40,000க்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒரே எண்ணைத் தங்களுடையது என்று எழுதிக் கொடுத்தார்களாம். ஆதார் வரிசையில் நின்றவர்களுக்கு இது புரியவே புரியாது.

1981இல் ரீகன் அமைச்சரவையில் தேசிய அடையாள அட்டை யோசனை வந்தபோது, ஆலோசகர் மார்ட்டின் ஆண்டர்சன் கிண்டலாக இன்னும் மலிவான வழி சொன்னார்: எல்லோர் கையிலும் எண்ணைப் பச்சை குத்திவிடலாம். யோசனை அங்கேயே செத்தது. கையிலோ நெற்றியிலோ குத்துவார்கள் என்று பைபிள் பயமுறுத்தும் மிருகத்தின் முத்திரை நினைவு வந்தால் இந்த ஊரில் எந்தத் திட்டமும் பிழைக்காது.

இதுவரை எனக்குப் பெரியவரோடு சண்டை இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. ‘காகிதம் காட்டு என்று கேட்காத நாடு’ என்பது இவர்களுடைய பெருமை. யாரைக் கேட்காத நாடு?

1838இல் ஃபிரெடரிக் டக்ளஸ் அடிமைத்தளையிலிருந்து தப்பி பால்டிமோரில் ரயில் ஏறியபோது, அவர் கையில் இருந்தது ஒரு மாலுமியிடம் இரவல் வாங்கிய தாள். விடுதலை பெற்ற கறுப்பர்கள் அங்கே தாள் இல்லாமல் பயணம் போக முடியாது. தாளில் எழுதியிருந்த அங்க அடையாளம் டக்ளஸுக்குப் பொருந்தவே இல்லை. தலைப்பில் இருந்த அமெரிக்கக் கழுகைப் பார்த்துவிட்டு கண்டக்டர் நகர்ந்துவிட்டார். 1892இல் கியரி சட்டம். சீனத் தொழிலாளிகள் எல்லோரும் பதிவுசெய்து சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இல்லாமல் பிடிபட்டால், இன்னாரை எனக்குத் தெரியும் என்று சாட்சி சொல்ல ஒரு வெள்ளைக்காரர் வேண்டும். பெரும்பாலானவர்கள் பதிவுசெய்ய மறுத்து நீதிமன்றம் போனார்கள். 1893இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1942இல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாமில் அடைத்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு குடிமக்கள். எந்தெந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று காட்டியது, பயப்படாமல் பதில் சொல்லுங்கள் என்று எடுத்த 1940 மக்கள்தொகைக் கணக்கு.

ஆக, அட்டை எப்போதுமே இருந்திருக்கிறது. அதைச் சுமப்பவர்கள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். என்னைப் போன்ற கிரீன் கார்டுக்காரர்கள் பதினெட்டு வயதானால் அட்டையை எந்நேரமும் உடம்போடு வைத்திருக்க வேண்டும் என்பது பல பத்தாண்டுகளாக உள்ள சட்டம். இல்லாவிட்டால் அபராதம், 30 நாள் வரை சிறை. யாரும் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள். 2025இல் கறாராக அமல்படுத்தப் போவதாக அரசு சொன்னது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், லாஸ் ஏஞ்சலஸில் இனம், மொழி, செய்யும் வேலை, நிற்கும் இடம் இவற்றை மட்டும் வைத்துக் குடியேற்ற அதிகாரிகள் ஆட்களை நிறுத்தி விசாரிக்கக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் போட்டிருந்த தடையை நிறுத்திவைத்தது.

அதைப் பற்றிப் பெரியவரிடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேசினேன். “ஒளிக்க எதுவும் இல்லாதவன் காட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே” என்றார். நட்சத்திரத்தைப் பற்றி அவரிடம் இதையே நான் சொல்லியிருந்தால்? கேட்டும் விட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அது வேறு” என்றார். எப்படி வேறு என்று அவரும் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை. நல்ல மனிதர். பனி கொட்டிய அன்று, நான் எழுவதற்குள் எங்கள் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டிருந்தார்.

என் மகன் இங்கே பிறந்தவன். நாயைக் கூட்டிக்கொண்டு பாக்கெட்டில் ஒன்றும் இல்லாமல் கிளம்பிவிடுவான். போன வாரம் நானும் அவனோடு கிளம்பினேன். தெருமுனை வரை போய், பாக்கெட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். பெரியவர் கொடியை இறக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன மறந்துவிட்டீர்கள்?”

“பர்ஸ்.”

“நடக்கப் போவதற்குப் பர்ஸ் எதற்கு?” என்று சிரித்தார்.